இன்னொரு கால்

தோஸ்த்,

உன்னுடைய பை இப்போது எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் உன் மனைவி சகாயம் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்டிப் போட்ட தோல் துண்டுகளை ஒட்டுப்போட்டு நீயே தைத்த பை. ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் காப்பிக்கொட்டை நிறம், வார் மட்டும் சிவப்பு. பார்க்கச் சகிக்கவில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். திறந்ததும் முதலில் வந்தது தேங்காய் எண்ணெய் வாசனை. அதற்கு அடியில் தோல் வாசனை, அதற்கும் அடியில் சிவப்புச் சோப்பு. அடுப்பைப் பார்த்து நின்றிருந்த ஸ்டெல்லா திரும்பாமலே, "யாரு வந்திருக்கறது?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு நீ வந்திருக்க முடியாது என்பது ஒரு நிமிஷம் மறந்துபோயிருக்கிறது.

எதையும் நோண்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். உள்ளே இருந்ததையெல்லாம் மேஜைமேல் பரப்பினேன். பெரிய நகவெட்டி ஒன்று. இரும்பு அரம் ஒன்று. எண்ணெய் பாட்டில், மடித்த துண்டு, நீ முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ளும் ஆட்டுத்தோல். அவ்வளவுதான். ஊரில் பாதிக் கிழவர்களின் கால் நகத்தை வெட்டிவிட்டவனின் மொத்தச் சாமான் இவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஞாபகத்துக்கு வெச்சுக்கறதுக்காமா?" என்று சகாயத்திடம் கேட்டேன்.

"ஞாபகத்துக்கு இல்லண்ணா. போன மாசம் யாரும் போவல. வர்ற சனி ரெண்டாவது சனிக்கிழமை. அண்ணி நேத்து போன்ல அழுவுறாங்க. கட்டை விரலு நெகம் உள்ள போய் வீங்கி இருக்குதாம். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு அடம் புடிக்கிறாராம். சக்கரை ஒடம்பு, இப்டியே வுட்டா விரல எடுக்கறாப்ல ஆயிடும்னு பக்கத்து வூட்டு நர்சம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"எந்த அண்ணி?"

சகாயம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க அண்ணிதான். காட்பாடி அண்ணி. அவரு மாசாமாசம் உங்க அண்ணன் வூட்டுக்குப் போவாரே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நம் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மகன் யாருக்கு போன் பேசுகிறான் என்று எல்லாம் தெரிந்த எனக்கு இது தெரியாது. ஒன்பது வருஷமாக நானும் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அந்த ஒன்பது வருஷமும் நீ மாதம் ஒருமுறை வேலூர் பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பிரசங்கத்தின்போது தூங்கியிருக்கிறாய். ஒருமுறை நேராகவே கேட்டேன், ரெண்டாவது சனிக்கிழமை எங்கே போய்த் தொலைகிறாய் என்று. "வேலூருக்கு. ஒரு கால் பாக்கணும்" என்றாய். ஆஸ்பத்திரியில் யாரோ என்று நினைத்துக்கொண்டேன். நீ பொய் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. செத்தவன்மேல் கோபப்பட்டு என்ன செய்வது என்று தெரியாமல், மேஜைமேல் பரப்பியதை எல்லாம் மறுபடி பைக்குள் போட்டு ஆணியில் மாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. போவதா வேண்டாமா என்பதைவிட, நீ ஏன் போனாய் என்பதுதான் குடைந்துகொண்டே இருந்தது.

எங்கிருந்து ஆரம்பித்தது என்று யோசித்தால் அந்தப் பெரிய வியாழன்தான் ஞாபகம் வருகிறது. வருஷா வருஷம் உபதேசியார் பன்னிரண்டு பேரைப் பொறுக்குவார். சாமியார் அவர்கள் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல. உன் பேரும் என் பேரும் ஒரே வருஷம் வந்தது. மத்தியானம் வீட்டில் நான் கல்லில் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஷாம்பு கொடுத்தாள். எண்ணெய் தடவி, புது வேட்டி கட்டி, செருப்பில் தூசி படாமல் நடந்து போனேன். போய்ப் பார்த்தால் மற்ற பத்து பேர் காலும் கல்யாண மாப்பிள்ளை கால் மாதிரி மின்னுகிறது. ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார். சாமியார் கழுவப்போகிற காலை வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டு வருவதுதான் நம் கோயிலின் எழுதாத சட்டம்.

நீ முதல் வாசகம் படிக்கும்போது ஓடி வந்தாய். டேனரியில் டிரம்மைக் காலி செய்யாமல் விட மாட்டேன் என்று மேஸ்திரி நிறுத்திவிட்டாராம். பூட்ஸில் ஓட்டை. தோல் பதனிடும் குரோம் தண்ணி உள்ளே போய் உன் பாதம் ரெண்டும் நீலம் பாய்ந்து, சுண்ணாம்பு அரித்த இடம் வெளுத்து, பார்க்க இந்த ஊர் கால் மாதிரியே இல்லை. சாமியார் தண்ணீரை ஊற்றினார். பேசினில் விழுந்த தண்ணீர் லேசாக நீலமாக மாறியது. பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து முந்தானைகள் மூக்குக்குப் போவது எனக்குத் தெரிந்தது. சாமியார் ஒரு நிமிஷம் நிறுத்தினார். இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிப் பொறுமையாகக் கழுவினார். மற்றவர்கள் காலுக்குத் தலையை மட்டும் குனிந்தவர், உன் காலுக்கு மட்டும் நன்றாகவே குனிந்து முத்தமிட்டார்.

வெளியே வந்ததும் உபதேசியார் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, கழுவிட்டு வரத் தெரியாதா?"

"கழுவத்தானே கூப்டீங்க?" என்றாய் நீ.

நான் சிரித்தேன். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன், அந்தப் பவுடர் காலைச் சொல்லிச் சொல்லி. நீ மட்டும் சிரிக்கவில்லை. "அவங்களச் சொல்லாத. வெக்கம் இருக்காதா? இன்னொருத்தன் கையில காலைக் குடுக்கறதுன்னா சும்மாவா?" என்றாய். கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று நின்று, "ஒண்ணு கவனிச்சியா? ஆளுக்கு ஒரு காலுதான் கழுவுனாரு. வலது கால். பன்னெண்டு பேருக்குப் பன்னெண்டு. இன்னொரு பன்னெண்டு காலு அப்டியே மிச்சம் இருக்குதே, அது யாரு கணக்கு?" என்று கேட்டாய்.

தொண்டை வறண்டு டீக்கடையைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. உனக்குப் பட்டிருக்கிறது. அந்த வாரமே நகவெட்டி வாங்கினாய். அதனால்தான் ஆரம்பித்தாயா என்று பின்னால் பலமுறை கேட்டேன். ஒருமுறை ஆமாம் என்றாய், ஒருமுறை இல்லை என்றாய், ஒருமுறை "வயசானா குனிய முடியாதுடா, யாராவது வெட்டித்தானே ஆவணும்" என்று அதோடு முடித்துவிட்டாய். சாப்பாடு கொடுக்க, துணி கொடுக்க நாலு பேர் வருவார்கள். கால் நகம் வளர்ந்து செருப்பில் இடிக்கிறது என்று எந்தக் கிழவரும் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டார். அது உனக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நீ ஒன்றும் புனிதன் இல்லை. கேரம் போர்டில் தோற்றால் நீ பேசும் பேச்சை இங்கே எழுத முடியாது. செபமாலைக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்தவன் இல்லை. டீ வாங்கித் தருவதென்றால் உனக்கு உயிர் போகும். ஆனால் அந்த நகக் காலண்டரை மட்டும் ஒருநாளும் தப்ப விட்டதில்லை. அது எவ்வளவு குழப்பமான காலண்டர்! வெள்ளிக்கிழமை காலை ரஹீம் பாய். ஜும்மா தொழுகைக்கு முன்னால் அவருக்கு நகம் வெட்டியாக வேண்டும். அவர் வீட்டுச் சுவரை ஒட்டியே கன்னியம்மா வீடு. அங்கே வெள்ளியும் செவ்வாயும் நகவெட்டியைக் கண்ணில் காட்டவே கூடாது, விளக்கு வைத்த பிறகு எந்த நாளும் கூடாது. நம் ஆட்களுக்குச் சனிக்கிழமை, மறுநாள் பூசைக்காக. ஷிஃப்டுக்குப் போகிற வழியில் ஒரு வீடு, வருகிற வழியில் ஒரு வீடு என்று நீ பையைத் தூக்கிக்கொண்டு போவாய். "ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் வெட்டியே ஆவணும், அந்தப் பக்கம் வெட்டவே கூடாது. சாமிங்க எல்லாம் சேந்து பேசி எனக்கு லீவு குடுத்துருக்குதுங்க" என்று சொல்வாய்.

வெட்டுகிற விதத்திலும் உன் டேனரிப் புத்திதான். யாருக்கும் எடுத்தவுடன் நகவெட்டியை வைக்க மாட்டாய். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அந்த நேரத்தில் பேச்சுக் கொடுப்பாய். "ஊறுனா தோலும் பேச்சு கேக்கும், நெகமும் பேச்சு கேக்கும்." தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் காலை உள்ளே வைப்பாய். ஏன் என்று கேட்டேன். "சக்கரை இருக்கறவங்களுக்குக் கால்ல சூடு தெரியாது. அவங்களுக்கு நம்ம கைதான் சொல்லணும்" என்றாய்.

எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை உனக்குக் காய்ச்சல். பாய் காத்துக்கொண்டிருப்பார் என்று என்னை அனுப்பினாய். என் பிழைப்பு என்ன என்று உனக்குத் தெரியும். ஷூ கம்பெனியில் கடைசிச் செக்கிங். வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு ஷூவையும் விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். முப்பது வருஷமாகக் குறை பார்த்துப் பழகிய கண். பாய் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்ததும் என் வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. "இது ஆணி. இது சேத்துப்புண்ணு. இந்த நெகம் பூஞ்சை புடிச்சிருக்குது, பாய். குதிகாலு ஃபுல்லா வெடிப்பு." ஒரு கால் முடிந்ததும் பாய் மெதுவாக மற்றக் காலை லுங்கிக்குள் இழுத்துக்கொண்டார். "உங்களுக்கு எதுக்கு பேஜாரு. போதும், வுடுங்க" என்றார். நான் நல்ல வேலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல நீ போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாய். "அது ஷூ இல்லடா. நீ ரிஜெக்ட் பண்ணிட்டா அவரு வேற காலு எங்க போய் வாங்குவாரு?" என்று கேட்டுவிட்டு, காய்ச்சலோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். பாங்கு சொல்வதற்குள் இன்னொரு காலையும் முடித்துவிட்டு வந்தாய். அதன் பிறகு என்னை யார் வீட்டுக்கும் அனுப்பவில்லை. எனக்கு அது அவமானமாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று நீ அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாய்.

அம்மா இருக்கும்போதே அவன் நம் கோயிலை விட்டுக் காட்பாடியில் ஒரு ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டான். அவன் மகள் டைபாய்டில் கிடந்தபோது அவர்கள்தான் மூன்று நாள் வந்து உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள், சோறு பொங்கிப் போட்டார்கள். நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இதை இப்போதுதான் எழுத முடிகிறது. அப்போது "மதம் மாறிட்டான்" என்றுதான் ஊரெல்லாம் சொன்னேன், இயேசுவிடமிருந்து இயேசுவிடமே போனவனை. அம்மா செத்தபோது மாதா சுரூபம் இருக்கிற கோயிலுக்குள் வர மாட்டேன் என்று பூசை முடியும்வரை வாசல் வேப்பமரத்தடியில் நின்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் முன்னால் வந்து பெட்டியில் கை வைத்தான். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "உள்ள வராதவனுக்கு வெளிய இன்னா வேலை?" என்றேன். அவன் கல்லறை கேட் வரைக்கும் எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தான். அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டான்.

பெட்டியின் பின்பக்கம் உன் தோளில் இருந்தது. நீ எல்லாவற்றையும் பார்த்தாய். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதும் என் கேள்விகளில் ஒன்று. சகாயத்திடம் கேட்டேன், நீ எப்போதிலிருந்து அங்கே போகிறாய் என்று. "உங்க அம்மாவ அடக்கம் பண்ண மறு மாசத்துலேர்ந்து" என்றாள். "அப்பல்லாம் உங்க அண்ணன் காலு நல்லாத்தான் இருந்துது. சும்மா போய் உக்காந்துட்டு வருவாரு. சக்கரை வந்ததுக்கு அப்பறம்தான் பையெடுத்துக்கினு போனாரு."

கால் பார்க்கப் போகிறவன் என்று நினைத்திருந்தேன். பார்க்கக் காலே இல்லாதபோதும் போயிருக்கிறாய்.

சனிக்கிழமை காலை ஆணியிலிருந்து பையை எடுத்தேன். ஸ்டெல்லா சகாயத்துக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸில் நாலு இட்லி வைத்தாள். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். போய் அண்ணனிடம் என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். என் நண்பன் உன்னிடம் என்னைப் பற்றி என்ன சொன்னான்? நீ என்ன சொன்னாய்? இத்தனை நாள் ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு எதிராகப் பேசினீர்களா? பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் பத்துப் பதினைந்து கேள்வி சேர்ந்துவிட்டது. உள்ளே ஒரு பயமும் இருந்தது. கதவைச் சாத்திவிட்டால்? அல்லது திறந்து வைத்துக்கொண்டு, "உனக்கு உள்ள இன்னா வேலை?" என்று கேட்டுவிட்டால்? கேட்க அவனுக்கு எல்லா நியாயமும் உண்டு.

வேலூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அவன் வீட்டு வாசலில் நின்றேன். அண்ணிதான் கதவைத் திறந்தாள். நேற்று வந்துவிட்டுப் போனவனைப் பார்ப்பதுபோல, "வாங்க" என்றாள். முன்னறையில் இந்த வருஷத்து வாக்குத்தத்த வசனம் போட்ட காலண்டர். மாதா படம் இல்லை, சிலுவை இல்லை. என் கண் வழக்கம்போல எது இல்லை என்றுதான் முதலில் பார்த்தது. அப்புறம்தான் அம்மா படத்தைப் பார்த்தது. எங்கள் வீட்டில் இருக்கிற அதே படம், அதே போட்டோ ஸ்டூடியோவின் நீலத் திரை.

பின்னால் குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கால் கழுவுறாரு" என்று அண்ணி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்க வர்றீங்கன்னு சகாயம் போன் பண்ணதுலேர்ந்து இது மூணாவது வாட்டி."

சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வந்தான். ஆள் பாதியாகிவிட்டான், வயிறு மட்டும் அப்படியே இருந்தது. என்னைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தான். லுங்கியின் ஓரம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பாதத்தின் மேல்பக்கம் ரெண்டும் ஈரத்தில் பளபளத்தது. குதிகாலிலும் விரல் இடுக்கிலும் அழுக்கு அப்படியே, ஈரம்கூடப் படாமல் இருந்தது. அவனால் குனிய முடியாது. நின்றபடியே சொம்பால் மூன்று தடவை ஊற்றியிருக்கிறான், நான் பார்க்கப்போகிறேன் என்று.

அந்தப் பவுடர் காலைச் சொல்லி வீடு வரைக்கும் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது. அழுகையை மறைக்கப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

ஆட்டுத்தோலை விரித்து முட்டி போட்டேன். அண்ணி வெந்நீர் கொண்டுவந்தாள். முழங்கையை விட்டுப் பார்த்து, பச்சைத் தண்ணீர் கலந்து, மறுபடி பார்த்தேன். அண்ணன் வலது காலை நீட்டினான். நான் மடியில் வாங்கிக்கொண்டேன். என் கண்ணுக்குள் சிவப்பு அம்புகள் வரிசையாக வந்து நின்றன. இது ஆணி, இது வெடிப்பு, இது இன்ன நோய். வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் சேர்த்த கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. என் ஆயுசில் அதைவிடக் கஷ்டமான வேலை எதையும் நான் செய்ததில்லை. ஊறவைத்தேன், துடைத்தேன். சக்கரை உள்ளவர்களுக்கு ஓரத்தில் வளைக்காமல் நேராக வெட்ட வேண்டும் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. நேராக வெட்டினேன். அந்தக் காலில் வீக்கம் எதுவும் இல்லை. ஐந்து விரலும் நன்றாகவே இருந்தன. எண்ணெய் தடவினேன்.

"போதும்" என்றான் அண்ணன். ஒன்பது வருஷத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது. இடது கால் ஏற்கெனவே நாற்காலிக்கு அடியில் போய்விட்டிருந்தது. பாய் இழுத்துக்கொண்டாரே, அதேபோல. அன்றைக்குப் போதும் என்றதும் எழுந்து வந்தவன் நான்தான்.

"இன்னொரு காலையும் குடு" என்றேன்.

அவன் அசையவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. பேசினில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அண்ணி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"நாத்தம் அடிக்கும்டா" என்றான்.

"ஆம்பூர்ல பொறந்தவனுக்கு இன்னா நாத்தம்? குடு."

கொடுத்தான். கட்டை விரல் சிவந்து, நகத்தின் ஓரம் சீழ் கட்டியிருந்தது. அதில் நான் கை வைக்கவில்லை. மற்ற விரல்களை மட்டும் பார்த்து, சுற்றிச் சுத்தம் செய்து ஈரம் ஒற்றினேன். "இது என் வேலை இல்ல. திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் லீவு போட்டுட்டு வர்றேன்" என்றேன். மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை.

விரல் இடுக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது என் தலைக்கு மேலிருந்து அவன் குரல் வந்தது. "அம்மா பெட்டில கை வெக்க வுடல நீ."

"ஆமா. தப்பு பண்ணிட்டேன்."

"நானும் உள்ள வந்திருக்கலாம். ஒரு மணி நேரந்தானே."

அவன் கால் என் மடியிலேயே இருந்தது. அப்புறம் அவனாகவே சொன்னான், நான் கேட்காமலே. "மாசாமாசம் கேப்பேன் உன் தோஸ்த்கிட்ட, அவன் எப்டி இருக்கான்னு. 'அவன் காலு நல்லாத்தான் இருக்குது. வர்றதுக்கு இன்னா கேடு'ன்னுவான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது."

பஸ்ஸில் சேர்த்த பதினைந்து கேள்விக்கும் அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. உன்னைத் திட்டவும் வேண்டும்போல இருந்தது, கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல இருந்தது. கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயே, அதற்கு முன்னால் ஒரு நாளாவது நீ என்னிடம் "வாடா, போலாம்" என்று கூப்பிட்டிருக்கலாம். ஒருவேளை கூப்பிட்டிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை போனோம். நகத்தின் ஓரத்தை எடுத்துக் கட்டுப்போட்டார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றார் டாக்டர். பத்து விரலோடு அண்ணன் இப்போது தெருமுனை வரை நடக்கிறான்.

உன் காலண்டர் என் கைக்கு வந்திருக்கிறது. பாய் முதல் வெள்ளி என்னைப் பார்த்ததும் தயங்கினார். நான் வாயே திறக்காததைப் பார்த்துவிட்டு, "இன்னா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கன்னியம்மா வீட்டுக்கு மறந்துபோய் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ச் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போதெல்லாம் ஷூவைத் திருப்பிப் பார்க்கும்போது, இதைப் போடப்போகிற கால் எப்படி இருக்கும், அதற்கு யார் நகம் வெட்டுவார்கள் என்று யோசனை ஓடுகிறது. சூப்பர்வைசர் பொண்ணு, "அண்ணா, ஸ்பீடு கம்மியாயிடுச்சு" என்கிறாள்.

தவக்காலம் பாதிக்கு மேல் போய்விட்டது. பன்னிரண்டு பேரில் உன் இடத்தில் என்னை உட்காரச் சொல்லி உபதேசியார் வந்துவிட்டுப் போனார். "கழுவிட்டு வந்துடு" என்று போகும்போது மறக்காமல் சொன்னார். இந்த ரெண்டாவது சனிக்கிழமை அண்ணனிடம் அதைச் சொன்னேன். சடங்கெல்லாம் வேதத்துக்கு விரோதம் என்று பிடித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். "சடங்கு" என்று மூக்கால் ஒரு சத்தம் போட்டான். அப்புறம் தன் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அங்க ஆளுக்கு ஒரு காலுதானே கழுவுவாங்க? உன் தோஸ்த் சொல்லியிருக்கான். இன்னொரு கால எடுத்துக்கினு மறுநாள் இங்க வா."

"உனக்குத்தான் குனிய முடியாதே."

"நீ நாற்காலில உக்காரு. நான் கீழ உக்காந்துக்கறேன். எழுந்திரிக்க மட்டும் கை குடு."

பெரிய வியாழனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, தோஸ்த். வலது காலை வீட்டிலேயே கழுவிக்கொண்டு போவதா, அப்படியே போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இடது காலை மட்டும் கழுவாமல் காட்பாடிக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.